என்ன பச்சை

காரியாபட்டியில் அட்டைப்பெட்டி லோடு இறக்கிக்கொண்டிருந்தபோது பாண்டிக்குப் போன் வந்தது. ஊரிலிருந்து யாரோ பேசினார்கள். யாரென்று கேட்கும் நிதானம் அவனுக்கு இல்லை. "ஒம் பொண்டாட்டி வேலை பாக்குற ரூம்பு வெடிச்சிருச்சுப்பா. விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காக. ஒடனே போ" என்றது குரல். பாதிச் சரக்கு வண்டியில் கிடக்க, பின்கதவைக்கூடச் சாத்தாமல் வண்டியைத் திருப்பினான். வழியெல்லாம் பெட்டிகள் ரோட்டில் விழுந்துகொண்டே வந்தன. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக் கையைக் காட்டினார்கள். அவன் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இருளம்மாள் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். பாண்டியின் தெருக்காரி. அவள் மகள் இசைவாணியும் அவன் மனைவி வேலுத்தாயும் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரே கம்பெனியில், ஒரே அறையில் வேலை பார்ப்பவர்கள். வானத்தில் போய்ப் பூவாக விரிகிற வெடிகளுக்குக் கலர் உருண்டை பிடிக்கிற அறை. காலையில் ஒரே வேனில் ஏறி, சாயங்காலம் ஒரே வேனில் இறங்குவார்கள். இருளம்மாளின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பாண்டியைப் பார்த்ததும் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"பாண்டி, ஒருத்திதான்யா இருக்கா."

"என்ன சின்னம்மா சொல்றீக?"

"அந்த ரூம்புல இருந்தது அவளுக ரெண்டு பேருதான். ஒருத்திக்கு உசுரு இருக்கு. ஒருத்தி போயிட்டா. எவ இருக்கா, எவ போனான்னு தெரியலங்காக. போனவ ஒடம்புல அடையாளம் பாக்க ஒண்ணும் மிஞ்சலயாம்."

பாண்டிக்கு முதலில் அது புரியவே இல்லை. பொண்டாட்டியைப் பார்த்தால் புருஷனுக்குத் தெரியாதா என்றுதான் தோன்றியது. தீக்காய வார்டின் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த பிறகே புரிந்தது. கட்டிலில் தலை முதல் கால் வரை துணி சுற்றிக் கிடந்தது ஓர் உருவம். முகம் வீங்கி, மூக்கு எது, கன்னம் எது என்று பிரிக்க முடியாமல் இருந்தது. வாயில் குழாய். அது வேலுத்தாயாகவும் இருக்கலாம், இசைவாணியாகவும் இருக்கலாம். யாராகவும் இருக்கலாம். இருவருக்கும் ஒரே உயரம், ஏறக்குறைய ஒரே வயது.

"உடம்புல ஏதாவது அடையாளம் உண்டா?" என்று இளம் டாக்டர் கேட்டார்.

"எடது முழங்கையில மச்சம் இருக்கு சார்" என்றான் பாண்டி.

டாக்டர் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். அந்த இடத்தில் தோலே இல்லை என்பதை அவர் முகம் சொன்னது. மெட்டி, வளையல், கம்மல் எதுவும் உதவவில்லை. கம்பெனிக்குள் உலோகம் ஒன்றும் போகக்கூடாது. எல்லாவற்றையும் கழற்றிக் கேட்டில் கொடுத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிற்றோடுதான் பெண்கள் உள்ளே போவார்கள். கயிற்றைத் தீ விட்டுவைக்கவில்லை.

"டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கோம். அதுல தெரிஞ்சிடும். ஆனா முடிவு வர நாளாகும்" என்றார் டாக்டர். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "அதுவரைக்கும் இவங்க தாங்குவாங்கன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. மயக்கம் லேசாத் தெளியுது. பயப்படுறாங்க. பழகின குரல் ஒண்ணு பக்கத்துல இருந்தா நல்லது. கிருமி தொத்திக்கிடும், அதனால ஒரே ஒரு ஆளைத்தான் உள்ள விட முடியும்."

"பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க சார்."

பக்கத்தில் நின்ற நர்ஸ் சொர்ணலட்சுமி தலையை ஆட்டினாள். "ரெண்டு பேரையும் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தேன் அண்ணே. ரெண்டுக்கும் இமை ஒரே மாதிரிதான் ஆடுது."

ஆடாமல் என்ன செய்யும்? இருவரும் சின்னப் பிள்ளையிலிருந்து கூட்டாளிகள். எவளுக்கு நினைவு வந்தாலும் அடுத்தவள் பேரைக் கேட்டால் துடிக்கத்தான் செய்வாள்.

சொர்ணலட்சுமி இரண்டு பேரையும் வராந்தாவுக்குக் கூட்டிவந்தாள். கையில் மூடிபோட்ட எவர்சில்வர் கிண்ணம் ஒன்று இருந்தது. "கொசுவம் சொருகின எடத்துல மட்டும் ஒரு துண்டு சேலை எரியாம இருந்துச்சு. கழுவி எடுத்து வச்சிருக்கேன். மொதல்லயே காட்ட மாட்டேன். காட்டினா ரெண்டு பேருமே எங்களோடதுதான்னு சொல்வீங்க. உங்க மேல தப்பில்ல, யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்வாங்க. காலையில என்ன கலர் கட்டியிருந்தாங்கன்னு சொல்லுங்க."

"பச்சை" என்றான் பாண்டி. சொன்னதும் மூச்சு வந்தது. விடியும்போது வண்டியை எடுத்துக்கொண்டு போகையில் வேன் நிற்கிற இடத்தில் அவளைப் பார்த்திருந்தான். பெண்கள் கூட்டத்துக்கு நடுவே பச்சையாக நின்று கையைத் தூக்கிக் காட்டினாள். பச்சைதான். சந்தேகமே இல்லை.

"எம் மகளும் பச்சைதான் தாயி" என்றாள் இருளம்மாள்.

நர்ஸின் முகம் வாடியது. "ரெண்டு பேரும் பச்சையா? என்ன பச்சை?"

"வாழையிலைப் பச்சை. குருத்து இல்ல, நல்லா விரிஞ்ச எலை" என்றாள் இருளம்மாள். "வெளுத்துத்தான் போச்சு. ஆனா வாழையிலைதான்."

நர்ஸ் பாண்டியைப் பார்த்தாள். பச்சை என்றால் பச்சை. அதற்குள் இன்னும் என்ன இருக்கிறது? லோடு ஏற்றும்போது பச்சைப் பெட்டி, சிவப்புப் பெட்டி என்று பிரித்து அடுக்குவான். அதற்கு மேல் நிறத்திடம் அவனுக்கு வேலை இருந்ததே இல்லை. வேலுத்தாய் எத்தனையோ முறை புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்று எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். நல்லாயிருக்கு என்பான். அத்தோடு சரி.

"சொல்லுங்க அண்ணே. கரும்பச்சையா, எளம்பச்சையா?"

"அதேதான்" என்று அவன் வாயிலிருந்து வந்துவிட்டது. "வாழையிலைப் பச்சைதான்."

இருளம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூட அவனுக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. நர்ஸ் கிண்ணத்தின் மூடியைக் கையால் அழுத்திக்கொண்டாள். "எதுக்கும் வீட்டுல யாரையாவது கேட்டுட்டு வாங்க" என்றாள்.

அவன் படியிறங்கி ஓடினான். முதலில் அதே வேனில் போகிற ஒரு பெண்ணுக்குப் போன் போட்டான். அழுகைக்கு நடுவே அவள், "வேலுத்தாயி பச்சைதாண்ணே கட்டியிருந்தா... இசையும் பச்சைதான். ரெட்டப் பிள்ளைகளாட்டம் வந்திருக்கீகளேன்னு கேலி பண்ணுனோம்" என்றாள். என்ன பச்சை என்று கேட்டான். பச்சைதாண்ணே என்று சொல்லி மறுபடியும் அழுதாள். இருவரும் மேலே கம்பெனிச் சட்டையை மாட்டியிருந்தார்களாம். கண்ணுக்குத் தெரிந்தது முழங்காலுக்குக் கீழேதானாம்.

அடுத்து வேலுத்தாயின் தங்கை பானுப்பிரியாவைக் கூப்பிட்டான். அவள் வெம்பக்கோட்டையில் வாக்கப்பட்டவள். செய்தி எட்டிப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

"பானு, ஒங்க அக்காகிட்ட பச்சைச் சேலை இருக்குல்ல? கம்பெனிக்குக் கட்டுற நூல் சேலை?"

"இருக்கு மச்சான். நான் குடுத்ததுதான். ஏன் மச்சான், அக்கா எப்படியிருக்கா?"

"அது என்ன பச்சை?"

"என்ன மச்சான் கேக்குறீக?"

"என்ன பச்சைன்னு சொல்லு புள்ள! ஒங்க அக்கா உசுரு அதுலதான் கெடக்கு!" ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவன் அரிவாளை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தான்.

"ராமர் பச்சை மச்சான்."

"அப்படின்னா?"

"ராமர் பச்சைன்னா... ராமர் பச்சைதான் மச்சான். கடையில அப்படித்தான் சொல்லிக் கேப்போம்."

"எனக்குத் தெரியாது புள்ள. எனக்கு ஒண்ணும் தெரியாது. எது மாதிரி இருக்கும்னு சொல்லு. இளநீக் காய் மாதிரி இருக்குமா?"

"அய்யோ இல்ல. இளநீ வெளிறிப்போயில்ல இருக்கும். இது நல்ல கனத்த பச்சை."

"எலை மாதிரியா? இங்கன ஒரு வேப்பமரம் நிக்குது."

"முத்தின வேப்பெலை கொஞ்சம் வரும். ஆனா அதுலயும் மஞ்சச் சாடை இருக்கும் மச்சான். இதுல மஞ்சளே கெடையாது. நீலம் உள்ளுக்குள்ள ஓடும். மயிலு திரும்புறப்போ கழுத்துக்குக் கீழ ஒரு பச்சை தெரியும் பாருங்க, அதுல மினுமினுப்ப எடுத்துட்டா எப்படி..." அவள் குரல் உடைந்தது. "எனக்குச் சொல்லத் தெரியல மச்சான். பொங்கலுக்கு எடுத்த போட்டோ இருக்கு, அனுப்புறேன்."

போட்டோ வந்தது. கோயில் சீரியல் லைட்டுக்கு முன்னால் அக்காளும் தங்கையும் தோளில் கைபோட்டு நின்றார்கள். வேலுத்தாயின் சேலை அதில் சுத்த நீலமாக இருந்தது. பாண்டி போனை வெயிலில் பிடித்தான், நிழலில் பிடித்தான், வெளிச்சத்தைக் கூட்டினான், குறைத்தான். ஒவ்வொரு தடவையும் சேலை ஒவ்வொரு நிறம் காட்டியது. அவள் சிரிப்பு மட்டும் மாறவில்லை. அதற்கு மேல் அவனால் பார்க்க முடியவில்லை. நின்றிருந்த பஸ்ஸின் பச்சை, மருந்துக்கடைப் பலகையின் பச்சை, சுவரோரம் படர்ந்த பாசியின் பச்சை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். உலகத்தில் இம்புட்டுப் பச்சை இருந்ததா? எதுவும் எதைப் போலவும் இல்லை. இதில் எதைக் கட்டிக்கொண்டு அவள் கையைக் காட்டினாள் என்று நெஞ்சைக் குடைந்து தேடினான். கை மட்டும் நினைவிருந்தது.

மறுபடியும் மேலே போய், "ராமர் பச்சை, சிஸ்டர்" என்றான். "மொதல்ல நான் சொன்னது பொய். எனக்குத் தெரியாமச் சொல்லிட்டேன். ராமர் பச்சையாம். மஞ்சள் இருக்காதாம். உள்ளுக்குள்ள நீலம் ஓடுமாம்."

சொர்ணலட்சுமி மூடியைத் திறந்தாள். உள்ளங்கை அகலத்தில் ஈரத்துணி ஒன்று கிடந்தது. ஓரம் கருகியிருந்தது. நடுவில் மருந்துக் கறை. டியூப் லைட் வெளிச்சத்தில் அது கறுப்பு என்றால் கறுப்பு, பச்சை என்றால் பச்சை. கரைப்பக்கம் கிடைத்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அது எரிந்துபோயிருந்தது.

"இதுதான் அது" என்றான் பாண்டி. "கனத்த பச்சை. இதுதான்."

இருளம்மாள் துணியைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். "ஈரத்துல எல்லாப் பச்சையும் கரும்பச்சைதான்யா. காயட்டும். வெயில்ல வச்சுப் பாப்பம்."

நர்ஸும் கூடவே வந்தாள். வராந்தா முடிகிற இடத்தில் கைப்பிடிச் சுவர்மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. துணியை அங்கே விரித்தார்கள். காற்றில் பறந்துவிடாமல் ஒரு நுனியை இருளம்மாள் விரலால் அழுத்திக்கொண்டாள். மறுநுனியைப் பாண்டி அழுத்திக்கொண்டான். உச்சி வெயில். சுவர் சுட்டது. இருவரும் விரலை எடுக்கவில்லை.

துணி காயத் தொடங்கியது. ஓரத்திலிருந்து உள்நோக்கி ஈரம் வடிய வடிய, பின்னாலேயே நிறம் வெளுத்துக்கொண்டு வந்தது. கறுப்பாக இருந்தது பச்சையாயிற்று. பச்சை இன்னும் இளகியது. பாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். இதற்கு மேல் வெளுக்காதே என்று அந்தத் துணியிடம் மனதுக்குள் கெஞ்சினான். அது கேட்கவில்லை. வெளுக்க வெளுக்க அது வாழையிலையை நோக்கிப் போவதாகவே அவனுக்குப் பட்டது. வேலுத்தாய் தன் கண்ணெதிரே கொஞ்சங் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தான். குழாயடியில் கையை நனைத்து வந்து துணிமேல் உதறினால் என்ன என்றுகூடத் தோன்றியது. தோன்றியதும் உடம்பு கூசியது. எதிரே நிற்பவளுக்கு இது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் நினைத்தான். இது வாழையிலையானால் அவள் மகள் இருக்கிறாள். அவன் மனைவி பிணவறையில். இது ராமர் பச்சையானால் நேர்மாறு. நடுவில் எதுவும் கிடையாது.

துணி முழுக்கக் காய்ந்தது. பாண்டி உற்றுப் பார்த்தான். தலைகீழாக நின்று பார்த்தாலும் அவனுக்கு அது பச்சை. வெறும் பச்சை.

"எனக்குத் தெரியல சின்னம்மா" என்றான். "சத்தியமா எனக்குத் தெரியல."

"எனக்கும் நிச்சயமாச் சொல்ல முடியலைங்க" என்றாள் நர்ஸ். "கறையும் புகையும் ஏறியிருக்கு."

இருளம்மாள் துணியைக் கையில் எடுத்தாள். கொசுவத்தின் மடிப்பு ஒன்று வெந்து ஒட்டிக்கிடந்தது. நகத்தால் மெல்லப் பிரித்தாள். உள்மடிப்பில் கறை ஏறவில்லை, புகை ஏறவில்லை. விரல் அகலத்துக்குச் சேலையின் சொந்த நிறம் இருந்தது. அதை வெயிலுக்கு நேராகப் பிடித்தாள்.

பிடித்தபடியே நின்றாள். வெகுநேரம் நின்றாள். பாண்டி அவள் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் தெரியவில்லை. இவள் வாழையிலை என்று சொன்னால் அதை மறுக்க இங்கே ஆள் இல்லை என்பது அவனுக்கு உறைத்தது. நர்ஸுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரியவில்லை. பானுப்பிரியா இன்னும் பஸ்ஸில் இருக்கிறாள். அவள் வந்து சேர்வதற்குள் இருளம்மாள் உள்ளே போய் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிடப்பவளை மகளே என்று கூப்பிட்டுவிடலாம். ரத்தத்தின் முடிவு வருகிற வரைக்கும் அவளுக்கு மகள் இருப்பாள். அவனாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பான். கொஞ்ச நேரத்துக்கு முன் செய்தும் விட்டான்.

"மஞ்சள் இல்ல" என்றாள் இருளம்மாள்.

துணியை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள்.

"நீலந்தான் ஓடுது. நல்லாத் தெரியுது." துணியை அவன் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். "இது எம் மகளோடது இல்லய்யா. ஒம் பொண்டாட்டிதான் உள்ள கெடக்கா. போ. போய்ப் பேரச் சொல்லிக் கூப்பிடு."

பாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் காலைப் பிடிக்கக் கை நீண்டது. அவள் விலகிக்கொண்டாள். "எந்திரி. என்னய அழ விடு" என்றாள்.

பச்சை அங்கி மாட்டி, வாயை மூடிக்கட்டி அவனை உள்ளே விட்டார்கள். கட்டிலருகில் நின்றான். "வேலு" என்றான். "வேலுத்தாயி. நாந்தான். பயப்படாத. நான் இங்கனதான் இருக்கேன், எங்கயும் போகல." வீங்கிய இமைக்குள் ஏதோ அசைந்தது. கால் பெருவிரலின் நுனி மட்டும் துணிக்கு வெளியே தெரிந்தது. அதை மடக்கினாள். வீட்டில் கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு அப்படித்தான் கால் விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாண்டி வாய்விட்டு அழுதான். நர்ஸ் அவனைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்தாள்.

வராந்தாவில் இருளம்மாள் இல்லை. கீழே இறங்கி வந்தபோது வாசலில் இளநீர்க்காரன் பிணவறைப் பக்கம் கையைக் காட்டினான். அவளுடைய மருமகன் திருப்பூரிலிருந்து இனிமேல்தான் வரவேண்டும். பிணவறை வாசலில் அவள் தனியாக நின்றாள். எதிரே நாற்காலியில் போலீஸ் ஏட்டு ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"கட்டியிருந்த சேலை?"

"வாழையிலைப் பச்சைங்கய்யா. அரக்குக் கரை."

அவர் எழுதினார். இருளம்மாள் பாண்டியைப் பார்த்தாள். "என்ன எழுதியிருக்காகன்னு வாசிச்சுச் சொல்லுய்யா."

பாண்டி எட்டிப் பார்த்தான். "பச்சை நிறச் சேலைன்னு போட்டிருக்கு சின்னம்மா."

"வாழையிலைன்னு போடச் சொல்லு."

"எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார் ஏட்டு. அவரும் காலையிலிருந்து நிற்க நேரமில்லாமல் அலைந்தவர். குரலில் கடுமை இல்லை.

"ஒண்ணு இல்ல சார்" என்றான் பாண்டி. அவன் குரல் உயர்ந்தது. "உள்ள இருக்குறவ கட்டினது வேற, இந்தப் பிள்ள கட்டினது வேற. தயவுபண்ணி அந்தம்மா சொல்றதையே எழுதுங்க சார்."

ஏட்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அடித்துவிட்டு மேலே எழுதினார். இருளம்மாள் அதற்குக் கீழே கைநாட்டு வைத்தாள். மை ஒட்டிய விரலைத் துடைக்கத் துணி தேடினாள். கிடைக்காமல் முந்தானையில் துடைத்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்தது நிற்கவே இல்லை. மருமகன் வந்து சேர்கிற வரைக்கும் பாண்டி அவளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

ரத்தத்தின் முடிவு வந்தது. இருளம்மாள் சொன்னதைத்தான் அதுவும் சொன்னது.

வேலுத்தாய் பிழைத்தாள். பிழைப்பாளா மாட்டாளா என்று பல தடவை இழுத்துக்கொண்டு கிடந்து, கடைசியில் பிழைத்தாள். வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. குழாயை எடுத்த அன்று பானுப்பிரியாவும் பாண்டியும் பக்கத்தில் இருந்தார்கள். மகளின் காரியமெல்லாம் முடித்துவிட்டு இருளம்மாளும் அன்றைக்குத்தான் பார்க்க வந்திருந்தாள். கதவோரமாக நின்றாள்.

வேலுத்தாய் உதட்டை அசைத்தாள். பாண்டி காதைக் கொண்டுபோனான்.

"இசை எங்க?"

அந்தக் கேள்விக்கு அவன் ஒரு பதில் தயார் பண்ணித்தான் வைத்திருந்தான். இப்போது இருளம்மாளைத் திரும்பிப் பார்த்தான். பானுப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருளம்மாள் கட்டிலருகில் வந்தாள்.

"வீட்டுல இருக்கா தாயி" என்றாள். "நீ மொதல்ல எந்திரிச்சு வா."

வேலுத்தாய் அவளையே பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று பாண்டிக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். இருளம்மாள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, விசிறி எடுத்துத் தூங்குகிறவளுக்கு வீசத் தொடங்கினாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பானுப்பிரியா நினைவுபடுத்திய பிறகுதான் எழுந்தாள்.